ஒரு ராஜகுமாரிக்கு இரண்டு பாட்டு

ஒலிப்பதிவுக் கூடத்தில் அவளுக்குப் பெயர் உதட்டக்கா. வேறு மொழிகளிலிருந்து வரும் கார்ட்டூன் படங்களுக்கு நம் மொழியில் வசனம் எழுதுவது அவள் வேலை. திரையில் ஒரு வாய் திறக்கும்போது நம் சொல்லும் திறக்க வேண்டும், அது மூடும்போது மூட வேண்டும், நடுவில் அர்த்தமும் கெடக்கூடாது. இதற்காக அவள் மேஜையில் ஒரு கைக்கண்ணாடி எப்போதும் இருக்கும். புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, வேலை நேரத்தில் அலங்காரம் செய்துகொள்கிறாள் என்று நினைப்பார்கள். அவள் அதில் ஒருநாளும் தலை வாரியதில்லை. எழுதிய வரியைக் கண்ணாடிக்கு முன்னால் சொல்லிப் பார்ப்பாள். தாடையின் கீழே இரண்டு விரலை வைத்து, அது எத்தனை முறை இறங்குகிறது என்று எண்ணுவாள். கணக்கு ஒத்துவராவிட்டால் அடித்துவிட்டு வேறு எழுதுவாள்.

எழுத்தாளராக அவள் அங்கே வரவில்லை. இருபத்திரண்டு வயதில் தட்டச்சு செய்ய வந்தாள். மற்றவர்கள் கிறுக்கிக் கொடுத்த வசனத் தாள்களைப் பதினோரு வருடம் சுத்தமாகத் தட்டச்சு செய்து கொடுத்தாள். ஒருநாள் ஒரு சூனியக்காரியின் வாய் எல்லோரையும் திண்டாட வைத்தது. "போய்த் தொலை" என்று எழுதியிருந்தார்கள். குரல் கொடுத்தவர் சொல்லி முடித்த பிறகும் சூனியக்காரி மென்றுகொண்டே இருந்தாள். பத்து முறை எடுத்தும் சரிவரவில்லை. மூலையில் தட்டச்சு இயந்திரத்தின் முன் இருந்தவள், "போய்த் தொலைஞ்சே போயிடுன்னு சொல்லிப் பாருங்களேன்" என்றாள். அச்சாகப் பொருந்தியது. அடுத்த மாதமே தட்டச்சு வேலைக்கு வேறு ஆள் வந்தார்.

அதற்குப் பிறகு பதினாறு வருடம் வசனம் எழுதினாள். வசனம் மட்டும்தான். பாட்டுகள் கவிஞர் ஒருவருக்குப் போகும். படத்தில் பாட்டு தொடங்கும் இடம் வந்தால் அவள் தாளின் குறுக்கே ஒரு கோடு போட்டு, "இங்கே பாட்டு" என்று எழுதிவிட்டு, பாட்டு முடிந்த இடத்திலிருந்து மறுபடி தொடங்குவாள். கவிஞர் அனுப்பும் பாட்டைப் படித்துப் பார்ப்பாள். அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதுவரை அவள் தாளில் பேசிக்கொண்டிருந்த ஆட்கள் பாட்டில் வேறு யாரோ ஆகிவிடுவார்கள். இதை யாரிடமும் அவள் சொன்னதில்லை. முதலாளியம்மாவிடம் மட்டும் வருடத்துக்கு ஒருமுறை, "ஒரு பாட்டு எனக்குக் குடுத்துப் பாருங்களேன்" என்று கேட்பாள். "பார்க்கலாம்" என்பார் அவர். அந்த வருடம் அதோடு முடிந்துவிடும்.

போன வருடம் கவிஞர் கண் அறுவை சிகிச்சைக்குப் போய்விட்ட நேரத்தில் ஒரு படம் வந்தது. ராஜகுமாரி, அவளை நேசிக்கும் படகுக்காரன், ஏழு பாட்டு. முதலாளியம்மா அவளைக் கூப்பிட்டார்.

"வசனமும் பாட்டும் நீங்களே எழுதுங்க. சரியா வந்தா இனிமே பாட்டும் உங்களுக்கே. சொதப்புச்சுன்னா கவிஞர்கிட்டயே போயிடும். அப்புறம் வருஷா வருஷம் வந்து என் உயிரை எடுக்கக்கூடாது."

"எடுக்க மாட்டேம்மா."

"எழுதப் பதினெட்டு நாள். ஒரு தடவைதான் பதிவு. கவிஞர்னா ஒரே தடவையில முடிச்சிடுவார், ஞாபகம் இருக்கட்டும்."

படம் வந்தது என்றேனே, அது பாதி உண்மை. பெரிய கம்பெனிகளுக்குப் படம் வெளியே கசிந்துவிடுமோ என்று பயம். அதனால் மொழிமாற்றத்துக்கு அனுப்பும் பிரதியில் திரை முழுவதையும் கறுப்பாக்கிவிடுவார்கள். பேசுகிறவரின் வாய் இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு சின்ன வட்டம். அந்த வட்டத்துக்குள் உதடும் பல்லும் தெரியும். அது மலையா, மாளிகையா, மழையா, ஒன்றும் தெரியாது. மூலப் பாட்டின் சொற்களைத் தனித்தாளில் அனுப்பியிருந்தார்கள். ஏழு பாட்டிலும் வானம், நட்சத்திரம், என்றென்றும், நீ, நான். கீழே ஒரு குறிப்பு: அர்த்தத்தை மாற்றிக்கொள்ளலாம், உதடும் உணர்ச்சியும் பொருந்த வேண்டும்.

நான்காவது பாட்டு அவளைப் பிடித்து நிறுத்தியது. படகுக்காரன் தன்னை மணந்துகொள்ளச் சொல்லிக் கேட்டபின் வரும் பாட்டு அது. இசை தொடங்கியதும் கறுப்புத் திரையில் வட்டம் வந்தது. ராஜகுமாரியின் வாய் மெல்லத் திறந்தது. சத்தமில்லை. மூடிக்கொண்டது. மறுபடி திறந்தது, மூடியது. நான்கு முறை அப்படி. ஐந்தாவது முறைதான் பாட்டு.

உதட்டக்கா அந்த இடத்தை முப்பது தடவையாவது ஓட்டிப் பார்த்திருப்பாள். சொல்ல வருகிறாள், சொல்லவில்லை, என்று புரிந்துகொண்டாள். அப்படி ஒரு வாயை அவள் அறிவாள். அது அவளுடையதுதான்.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். கல்யாணத்துக்கு முன்னால், ஒலிப்பதிவுக் கூடம் இருந்த கட்டடத்தின் லிஃப்டைப் பழுதுபார்க்க வந்தவர். லிஃப்ட் ஒரே நாளில் சரியாகிவிட்டது. மறுநாள் படிக்கட்டு ஓரமாக அவளை நிறுத்தி, "உங்களுக்கு இஷ்டம்னா வீட்டுல வந்து பேசச் சொல்றேன்" என்றார். அவள் பதில் சொல்லவில்லை. அதன்பிறகு ஒன்பது நாள், ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த லிஃப்டைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக அவர் வந்துகொண்டே இருந்தார். காவலாளி பொறுக்க முடியாமல், "ஏம்ப்பா, நல்லா ஓடுறதை ஏன் இந்தப் பாடு படுத்துற?" என்று கேட்டாராம். பத்தாம் நாள் அவள், "வரச் சொல்லுங்க" என்றாள். அந்த ஒன்பது நாளும் என்ன யோசித்தாள் என்று அவர் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை. இருபத்து மூன்று வருடம் ஆகிவிட்டது. ஒரு மகள் பிறந்து, படித்து, வேறு ஊரில் செவிலியராக வேலைக்கும் போய்விட்டாள்.

அந்த ஒன்பது நாளை அவள் நான்காவது பாட்டில் வைத்தாள். நான்கு முறையும் வெறும் மூச்சு. பிறகு:

சொல்ல வந்தேன், வாசல் வரை வந்த சொல்
செருப்பைத் தேடித் திரும்பிப் போனது.
நாளை சொல்கிறேன், நாளையும் வருவாயா?
நாளையும் சொல்லாவிட்டால் அதன் மறுநாள்?

வீட்டில் துணி மடித்துக்கொண்டே மெட்டோடு முணுமுணுத்துப் பார்த்தாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவர் கையை நிறுத்தினார்.

"இன்னொரு தடவை பாடு."

பாடினாள்.

"இது அந்த ஒன்பது நாளா?"

"படத்துல வர ராஜகுமாரிங்க."

"ராஜகுமாரி வீட்டுல லிஃப்ட் ரிப்பேரா?"

"சாப்பிடுங்க பேசாம."

அவர் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து, "பரவால்ல, ராஜகுமாரி நல்லாத்தான் யோசிச்சிருக்கா" என்று சொல்லிவிட்டு, அவள் மடித்து வைத்த துணியை அலமாரியில் கொண்டுபோய் வைத்தார். அவர் அலமாரியைத் திறந்தே நாளாகியிருந்தது. மறுநாள் முதல் வேலை செய்யும் இடத்தில் கிடைத்தவர்களிடமெல்லாம், "என் வீட்டம்மா பாட்டு எழுதியிருக்கா, படம் வரட்டும் பாருங்க" என்று சொல்லத் தொடங்கினார்.

பாட்டைப் பாடியவள் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். விடுமுறை நாட்களில் பாட வருவாள். நான்காவது பாட்டைப் பாடி முடித்ததும் பதிவறையின் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று மூக்கைத் துடைத்துக்கொண்டாள். ஒலிப்பதிவாளருக்கு அமைதி அண்ணன் என்று பெயர். ஒவ்வொரு பதிவுக்கும் முன்னால் "அமைதி!" என்று கத்துவார், மற்ற நேரத்தில் ஓயாமல் பேசுவார். அன்றைக்கு அவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவரைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய பாராட்டு என்று புரியும்.

மூன்று வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை குரலையும் இசையையும் படத்தோடு சேர்க்கும் கடைசிக் கலவைக்காக முழுப்படம் வந்தது. கறுப்பும் இல்லை, வட்டமும் இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பியாக வேண்டும்.

"ஏம்மா உதட்டக்கா, கொஞ்சம் வாம்மா" என்று உள்ளிருந்து அமைதி அண்ணனின் குரல் வந்தது. குரலில் ஏதோ அடக்கிய மாதிரி இருந்தது. "உன் ராஜகுமாரி என்ன பண்றான்னு வந்து பாரு."

போய்ப் பார்த்தாள். திரையில் ராஜகுமாரி ஒரு மரக்கிளையில் கால்களை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு கூடு. கூட்டில் நான்கு குருவிக் குஞ்சுகள். ராஜகுமாரி விரல் நுனியில் ஒரு பழத்தை எடுத்து, குஞ்சு வாய் திறப்பதற்காகத் தானும் வாயைத் திறந்து காட்டினாள். குஞ்சு விழுங்கியது. அவள் வாயை மூடினாள். அடுத்த குஞ்சு. நான்கு குஞ்சு, நான்கு வாய். ஒவ்வொன்றுக்கும் கணக்கு டீச்சரின் துயரமான பெருமூச்சு ஒன்று.

அமைதி அண்ணன் நாற்காலியோடு குலுங்கினார். "சொல்ல வந்தாளாம், சொல்லலையாம்! கையில பழம்! யாருக்கும்மா இந்த மனப்போராட்டம், பழத்துக்கா?"

அவளுக்கும் சிரிப்பு வந்தது. கண்ணில் நீர் வரும் வரை சிரித்தாள். பிறகு, "அண்ணே, முதல்லருந்து போடுங்க, முழுசாப் பார்த்துடுறேன்" என்றாள்.

ஒன்றரை மணி நேரம் அசையாமல் பார்த்தாள். ராஜகுமாரிக்குக் குறை ஒன்றும் இல்லை. படகுக்காரனுக்கு நல்ல முடி இருந்தது. அது எந்தக் காற்றிலும் ஒரே பக்கம் பறந்தது. அவன் வந்தான், அவள் பார்த்தாள், பாடினார்கள். மூன்றே நிமிடத்தில் எல்லாம் முடிவாகிவிட்டது. வில்லன் என்று ஒரு மந்திரி இருந்தார், எதற்குக் கெட்டவர் என்று கடைசிவரை சொல்லவில்லை. ஒவ்வொரு பாட்டுக்கும் நட்சத்திரங்கள் கொட்டின. அவன் அவளைக் கேட்டபோது அவள் உடனே சரி என்று தலையாட்டிவிட்டாள். வட்டம் வாயை மட்டும் காட்டியதால் அந்தத் தலையாட்டல் உதட்டக்காவுக்குத் தெரியாமல் போயிருந்தது. அவள் மனத்தில் பதினெட்டு நாள் ஓடிய படத்தில் ஒரு பெண் யோசித்தாள். இந்தப் படத்தில் யாரும் எதையும் யோசிக்கவில்லை.

முதலாளியம்மா வந்து பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

"உதடு பொருந்துதா?"

"பொருந்துது."

"அப்ப விட்டுடுங்க. அங்க சரிபார்க்கிறவனுக்கு நம்ம மொழி ஒரு எழுத்து தெரியாது. உதட்டைப் பார்ப்பான், சரின்னு எழுதுவான்."

"பார்க்கிறவங்களுக்குத் தெரியுமேம்மா. சிரிச்சுக்கிட்டுப் பழம் ஊட்டுறா, பாட்டுல பெருமூச்சு விடுறா. மாத்தி எழுதித் தரேன், நாளைக்குக் காலையில பதிவு பண்ணிடலாம்."

"மறுபடியும் பதிவா? நான் என்ன சொல்லி இந்த வேலையைக் குடுத்தேன்? கவிஞர் அடுத்த வாரம் வந்துடுறார். நீங்களா எனக்கு ஒரு காரணத்தைக் கையில குடுக்கிறீங்க."

"தெரியுதும்மா."

அமைதி அண்ணன் இப்போது சிரிப்பை விட்டுவிட்டார். "ஏம்மா, நல்ல பாட்டும்மா அது. இதுவரைக்கும் இந்த ரூம்ல அப்படி ஒண்ணு எடுத்ததில்ல. பேசாம விடு."

"கண்ணை மூடிட்டுக் கேட்டா நல்ல பாட்டுதான் அண்ணே. ஆனா கண்ணை மூடிட்டுப் படம் பார்க்க யார் வரப்போறா?"

முதலாளியம்மா அவளை ஒரு பார்வை பார்த்தார். "உங்க இஷ்டம். நாளைக்குப் பத்து மணிக்குள்ள முடியணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். கதவு சத்தமில்லாமல் மூடியது. அது சத்தம் வராத கதவு. இல்லாவிட்டால் அடித்துச் சாத்தியிருப்பார்.

அன்று மதியம் அவள் தன் மேஜையில் உட்கார்ந்து அந்த இரண்டரை நிமிடத்தை மட்டும் ஓட்டிக்கொண்டிருந்தாள். இந்தப் பெண்ணுக்கு என்ன பாட்டு எழுதுவது? காதலைப் பற்றி இவளுக்குச் சொல்ல எதுவுமே இல்லை. மறுபடி வானம், நட்சத்திரம் என்று போட்டுவிடலாமா என்று ஒரு தாளை எடுத்தாள், வைத்தாள். மறுபடி ஓட்டினாள்.

அப்போதுதான் நான்காவது குஞ்சைக் கவனித்தாள். மற்ற மூன்றும் கழுத்தை நீட்டி முட்டி மோதின. நான்காவது சிறியது, கண் சரியாகத் திறக்காதது. அதற்குப் பழம் வருவதற்கு முன், ராஜகுமாரியின் சுண்டு விரல், முந்திக்கொண்டு வந்த முதல் குஞ்சின் அலகை மெல்ல ஒதுக்கியது. அரை நொடிதான். ஏதோ ஒரு ஊரில், ஏதோ ஒரு அறையில், யாரோ ஒருவர் அந்தச் சுண்டு விரலுக்காக நாள் கணக்கில் உட்கார்ந்திருக்க வேண்டும். யாரும் அவரை அப்படி வரையச் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்தப் படத்திலேயே மனசு வைத்துச் செய்த இடம் அது ஒன்றுதான். இந்தப் பெண் பெரிதாக யோசிப்பவள் இல்லை, ஆனால் பங்கு வைக்கத் தெரிந்தவள்.

கண்ணாடியை இழுத்து வைத்துக்கொண்டு, தாடையில் விரலை வைத்து, எழுதத் தொடங்கினாள்.

ஆ... ஆ... ஆ... ஆ...
உனக்கொன்று, உனக்கொன்று, உனக்கும் ஒன்று.
முந்தி வரும் மூக்குக்காரா, உனக்கு அப்புறம்.
என் கடைசிக் குட்டி, கண்ணைத் திற,
யாரும் தொடாமல் எடுத்து வைத்தது இது.

மறுநாள் பள்ளிக்கு அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு வந்த கணக்கு டீச்சர் தாளைப் படித்தாள். முகம் தொங்கிவிட்டது.

"அக்கா, அதைப் பாடினப்ப அழுகை வந்துச்சு. இதைப் பாடினா பசிக்குது."

"அது போதும்டி. பசியோட பாடு."

ஒன்பதே முக்காலுக்கு முடிந்தது. "பழசை அழிச்சிடவா?" என்று அமைதி அண்ணன் கேட்டார். படத்தில் இல்லாத எதையும் வைத்திருக்கக்கூடாது என்பது கம்பெனியின் விதி. அழிக்கச் சொன்னாள். அவர் விரலைப் பொத்தானின் மேல் வைத்தபடி கொஞ்சம் தாமதித்தார். அவள் வெளியே போய்விட்டாள்.

கம்பெனியிலிருந்து பதில் வந்தது. ஆறு பாட்டுக்குக் குறிப்பில்லை. நான்காவதற்கு மட்டும், மூன்றாவது "ஆ" ஒரு இம்மி முன்னால் வருகிறது, தள்ளி வைக்கவும் என்று எழுதியிருந்தார்கள். தள்ளி வைத்தார்கள். முதலாளியம்மா அவளிடம் வேலை விஷயம் தவிர எதுவும் பேசவில்லை. கவிஞர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்து போனார்.

அடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை படம் வெளியானது. ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்கு அவள் கணவர் நான்கு டிக்கெட் எடுத்தார்: அவர்கள் இருவர், அவருடைய தங்கை, தங்கையின் ஆறு வயது மகள். பாட்டை மாற்றியதை அவள் அவரிடம் இன்னும் சொல்லவில்லை. காலையில் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். அவர் இஸ்திரி போட்ட சட்டையில் தயாராக நின்றார். பஸ்ஸில் சொல்லலாம் என்று நினைத்தாள். பஸ்ஸில் கூட்டம்.

அரங்கில் கால்வாசிதான் நிறைந்திருந்தது. முதல் பாட்டிலேயே நாத்தனார் கொட்டாவி விட்டாள். "என்ன அண்ணி, இந்தப் பொண்ணுக்கு வீட்டுல ஒரு வேலையும் கிடையாதா? எப்பப் பாரு பாடிக்கிட்டே இருக்கா." இரண்டாவது பாட்டில், "இவன் தலைக்கு என்ன தடவுறான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க" என்றாள். கணவர் தங்கையை அதட்டினார். "கொஞ்சம் சும்மா இரு. நாலாவது வரட்டும், அப்புறம் பேசு."

நான்காவது வந்தது. அவர் முன்னுக்கு நகர்ந்து உட்கார்ந்தார். "ஆ..." என்றாள் ராஜகுமாரி. கீழ் வரிசையில் ஒரு குழந்தை அதைப் போலவே "ஆ" என்றது. இரண்டாவதில் இன்னும் சில. மூன்றாவதற்கு நாத்தனார் மகளும் வாயைத் திறந்தாள். கடைசிக் குட்டியின் முறை வந்தபோது அரங்கில் இருந்த பிள்ளைகள் எல்லாம் வாயைத் திறந்துகொண்டிருந்தார்கள். ஒரு தகப்பன் சமயம் பார்த்துத் தன் பிள்ளையின் வாயில் பிஸ்கட்டைத் திணித்தார். உதட்டக்கா திரையைப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தாள். அவர் மெல்லப் பின்னால் சாய்ந்தார்.

வெளியே வந்ததும் நாத்தனார், "அண்ணி, கோவிச்சுக்காதீங்க, படம் சுத்த வேஸ்ட். அந்தக் குருவிப் பாட்டு மட்டும் நல்லா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு, மகளைக் கழிவறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். பஸ் நிறுத்தத்தில் இருவர் மட்டும் நின்றார்கள்.

"அந்தப் பாட்டு வரலையே" என்றார் அவர்.

"எடுத்துட்டேன்."

"யார் எடுக்கச் சொன்னது? உங்க முதலாளியம்மாவா?"

"அவங்க எடுக்க வேணாம்னாங்க. நான்தான்."

"நல்லாத்தானே இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அவ அப்படி யோசிக்கிற பொண்ணு இல்லீங்க. நீங்களே பார்த்தீங்கல்ல. அவ வாயில அதை வச்சா, அவளையும் கேலி பண்ற மாதிரி, பாட்டையும் கேலி பண்ற மாதிரி."

அவர் சாலையைப் பார்த்தபடி இருந்தார். "பதினாலு பேர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன்."

"குருவிப் பாட்டு என் வீட்டம்மா எழுதினதுன்னு சொல்லுங்க."

"அதை நான் சொல்லிக்கிறேன். எனக்கு ஏன் நீ சொல்லல?"

அவள் வாயைத் திறந்தாள். மூடினாள். "சொல்லணும்னுதான் இருந்தேன்" என்றாள் கடைசியில்.

"அதானே" என்றார் அவர். கோபமாகச் சொல்லத்தான் பார்த்தார். பாதியில் சிரிப்பு வந்துவிட்டது. "எழுதின தாளாவது இருக்கா?"

"இருக்கு. பின்பக்கம் குருவிப் பாட்டு."

"கொண்டா, நான் வச்சுக்கிறேன்."

அப்போது அவள் கைப்பேசி அடித்தது. முதலாளியம்மா.

"உங்க மேல எனக்கு இன்னும் கோவம் போகல. அதை முதல்ல சொல்லிடுறேன்" என்றது குரல். "வெள்ளிக்கிழமை பேரனைப் படத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். ரெண்டு நாளா ஒவ்வொரு வாய்க்கும் அந்த ஆ பாடினாத்தான் சாப்பிடுறான். எனக்குத் தொண்டை கட்டிடுச்சு. அடுத்த படம் செவ்வாய்க்கிழமை வருது. பாட்டும் நீங்களே."

கைப்பேசியை மறு காதுக்கு மாற்றினாள். பிறகு, "ஒண்ணு கேட்கலாமாம்மா? முழுப்படமும் அனுப்பச் சொல்லுங்களேன்" என்றாள்.

"தர மாட்டாங்க. தெரிஞ்சுதானே கேட்கிறீங்க?"

"அப்ப நான் கேள்வி எழுதித் தரேன். பாடுறவங்க எங்க இருக்காங்க, கையில என்ன இருக்கு, கூட யாரு இருக்கான்னு. அதுக்குப் பதில் வந்தப்புறம்தான் பாட்டு."

"பெரிய கவிஞர் ஆயிட்டீங்க. சரி, எழுதிக் குடுங்க, அனுப்புறேன்."

கைப்பேசியைப் பையில் வைத்தாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றார்.

"என்ன படமாம்?"

"முழுசாத் தெரியாது. ஒரு கரடின்னு பேச்சு."

"கரடி பாடுமா?"

"பாடும் போல."

"யோசிக்கிற கரடியா?"

"பார்த்துட்டுத்தான் சொல்லணும்" என்றாள் அவள். தூரத்தில் நாத்தனார் மகளை இழுத்துக்கொண்டு வருவதும், அவர்களைத் தாண்டிக்கொண்டு பஸ் வருவதும் தெரிந்தது. அவர் கையை நீட்டி பஸ்ஸை நிறுத்தப் போனார்.